இளம் ஊதா நூறு

மைசூர் அச்சகத்தில் அச்சாகி, வெட்டி, கட்டாகக் கட்டிப் பெட்டியில் அடுக்கிய நூறு ரூபாய்த் தாளுக்கு அந்த நேரத்தில் நூறு ரூபாய் மதிப்பு கிடையாது. நல்ல பருத்திக் காகிதம், நல்ல மை, நுணுக்கமான வேலைப்பாடு எல்லாம் இருக்கும். ஆனால் அது இன்னும் பணம் ஆகவில்லை. அது பணமாவது வேறொரு ஊரில், ஏதோ ஒரு வங்கியின் இரும்பறை வாசலில். பல கைகள் மாறி, கசங்கி, மறுபடி அப்படி ஒரு இரும்பறைக்குள் நுழையும்போது அந்தத் தகுதி அதைவிட்டுக் கழன்றுவிடும். இந்த இரண்டு வாசல்களுக்கு நடுவே நம்மிடம் புழங்கும் காலம்தான் அதன் உயிருள்ள காலம். ரிசர்வ் வங்கியின் பணிகள் என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்தோமே, அவற்றில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு தாளைப் பின்தொடர்ந்து போனாலே பார்த்துவிடலாம்.

நோட்டு வெளியிடும் உரிமையை 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அந்த வங்கிக்கு மட்டுமே தருகிறது. அதற்கு முன்பு நோட்டு வெளியிட்டது இந்திய அரசு. 1935 ஏப்ரல் 1 அன்று வங்கி தொடங்கியபோது அது தனியார் பங்குதாரர்களுடையது. தலைமையகம் முதலில் கல்கத்தாவில் இருந்தது. 1937-இல் பம்பாய்க்குப் போனது. தன் பெயரில் முதல் தாளை, ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட ஐந்து ரூபாயை, அது 1938 ஜனவரியில்தான் வெளியிட்டது. அதே ஆண்டில் நூறும் வந்துவிட்டது. 1949 ஜனவரி 1-இல் வங்கி நாட்டுடைமையானது. அதிலிருந்து நோட்டில் கையெழுத்துப் போடும் கவர்னர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் தலைவர்.

இருந்தாலும் எல்லா முடிவும் வங்கியின் கையில் இல்லை. நோட்டின் வடிவத்தை வங்கியின் மத்தியக் குழு பரிந்துரைக்கும். ஒப்புதல் தருவது மத்திய அரசு. எந்த நோட்டில் எத்தனை அடிப்பது என்பதையும் அரசோடு கலந்துதான் முடிவு செய்வார்கள். பொருளாதாரம் எவ்வளவு வளரும், எவ்வளவு நோட்டு கசங்கித் திரும்பும், இருப்பில் எவ்வளவு வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு ஆண்டுதோறும் அச்சகங்களுக்கு ஆர்டர் போகிறது.

இப்போது நம்மிடம் இருக்கும் இளம் ஊதா நூறு 2018 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. பின்பக்கத்தில் குஜராத்தின் பாட்டன் நகரத்து ராணி கி வாவ். சோலங்கி அரசன் முதலாம் பீமனின் நினைவாக ராணி உதயமதி 11-ஆம் நூற்றாண்டில் கட்டிய படிக்கிணறு அது. சரஸ்வதி ஆற்றின் வெள்ளம் கொண்டுவந்த மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் மூடிக்கிடந்து, தொல்லியல் துறை தோண்டி எடுத்தபின் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஜனங்கள் அதிகம் புழங்கும் நோட்டில் கோட்டையும் அரண்மனையும் இல்லாமல் தண்ணீருக்காகக் கட்டிய ஓர் இடம் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

காகிதத்திலிருந்து தொடங்குவோம். அதில் மரக்கூழ் கிடையாது, முழுக்கப் பருத்தி. சட்டைப் பையோடு துவைத்துப்போட்ட நோட்டு கரைந்துபோகாமல் காய்ந்ததும் நிமிர்ந்துகொள்வது அதனால்தான். மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஆற்றங்கரையில், பழைய ஹோஷங்காபாத்தில், 1960-களின் கடைசியிலிருந்து பாதுகாப்புக் காகித ஆலை நடக்கிறது. ஊரின் இன்றைய பெயர் நர்மதாபுரம். அதன் உற்பத்தி போதாமல் வெளிநாட்டுக் காகிதத்தைப் பல காலம் நம்பியிருந்தோம். மைசூரில் இன்னொரு ஆலை வந்தபிறகுதான் அந்த நிலை மாறியது. அதே ஊரில் மை தயாரிக்கும் 'வர்ணிகா' ஆலை 2022-இல் திறக்கப்பட்டது. ஒரு நாடு தன் பணத்துக்கான காகிதத்தையும் மையையும் தானே தயாரித்துக்கொள்ள இத்தனை ஆண்டு ஆனது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரியும் காந்தி முகம் அச்சடித்தது அல்ல. கூழ் ஈரமாக இருக்கும்போதே உருளையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப நார் சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் படிகிறது. அந்தத் தடிப்பும் மெலிவும்தான் நீர்க்குறி. பாதுகாப்பு இழையையும் அந்தக் கட்டத்திலேயே உள்ளே புதைத்துவிடுவார்கள். நோட்டைச் சற்றுச் சாய்த்தால் அந்த இழை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும். கட்டைவிரல் நகத்தால் காந்தி படத்தின் மேல் வருடினால் சொரசொரப்பு தெரியும். செதுக்கிய தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பிக் காகிதத்தை அதன்மேல் பேரழுத்தத்தில் அழுத்துவதால் மை மேடாக எழுந்து நிற்கிறது. அசோகத் தூணும், வலப்பக்க முக்கோணமும், இரண்டு ஓரங்களிலும் உள்ள சாய்கோடுகளும் அந்த வகைதான். கள்ள நோட்டுக்காரன் நிறத்தைப் பிடித்துவிடுவான். இந்தச் சொரசொரப்பு அவனுக்கு எளிதில் வசப்படாது.

முன்பக்கம் வலப்புறத்தில் ரிசர்வ் வங்கியின் முத்திரை இருக்கிறது: ஒரு புலி, ஒரு பனைமரம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து இரட்டை மோகரா நாணயத்தில் சிங்கமும் பனையும் இருந்தன. சிங்கத்தை எடுத்துவிட்டுப் புலியை வைத்தார்கள். பின்பக்க மொழிப் பட்டையில் பதினைந்து மொழிகள். அதில் பதின்மூன்றாவது வரி நம்முடையது: நூறு ரூபாய்.

அந்தச் சாய்கோடுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவை பார்வையற்றவர்களுக்காக வைத்தவை. நூறில் நான்கு கோடு. இருநூறில் நான்கு கோடும் நடுவில் இரண்டு வட்டமும். ஐந்நூறில் ஐந்து கோடு. புது நோட்டில் விரலுக்கு இது புரியும். ஆறு மாதம் காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் புழங்கிய நோட்டில் மேடு தேய்ந்துவிடும். அப்புறம் அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நூறின் நீளம் 142 மில்லிமீட்டர், இருநூறு 146, ஐந்நூறு 150. அகலம் மூன்றுக்கும் ஒரே 66. பழைய நூறு 157-க்கு 73 என்று தாராளமாக இருந்தது. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரலால் அளந்து, வரிசையில் பின்னால் நிற்பவர் பொறுமை இழப்பதற்குள் சரியான நோட்டை எடுத்து நீட்டச் சொல்வது நியாயமே இல்லை. பார்வையற்றோர் அமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 'மணி' என்ற கைபேசிச் செயலியைக் கொண்டுவந்தது. நோட்டைக் கேமரா முன் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும். நல்லதுதான். ஆனால் பணத்தைத் தெரிந்துகொள்ள இன்னொரு கருவி வேண்டும் என்ற நிலை வந்த பிறகு, அந்த நோட்டு எல்லோருக்குமானது என்று எப்படிச் சொல்வது? அடுத்த வரிசை நோட்டை வரையும்போது முதலில் அழைத்துப் பேச வேண்டியவர்கள் இவர்கள்.

நாட்டில் நோட்டு அச்சகங்கள் நான்கு. நாசிக்கும் தேவாஸும் அரசு நிறுவனத்தின் கீழ். மைசூரும் மேற்கு வங்கத்துச் சால்போனியும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனத்தின் கீழ். அவை இரண்டும் 1996-இல் ஓடத் தொடங்கியவை. பெரிய பெரிய தாள்களாக அச்சடித்து, எண் போட்டு, கடைசியில் வெட்டுவார்கள். ஒரு கட்டில் நூறு நோட்டு, வரிசை எண் விடாமல். இடையில் ஒன்று பழுதாகிவிட்டால் அதே எண்ணை மறுபடி அடிப்பதில்லை. முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு நட்சத்திரம் போட்ட வேறு நோட்டை அந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். இந்த நட்சத்திரத்தைக் கண்டு பயந்து வாங்க மறுத்தவர்கள் உண்டு. 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கியே அவை செல்லும் நோட்டுகள்தான் என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

அச்சகத்திலிருந்து போலீஸ் காவலோடு பெட்டிகள் கிளம்பும். ரிசர்வ் வங்கிக்கு 19 வெளியீட்டு அலுவலகங்கள். சென்னையினுடையது கோட்டைக்குப் பக்கத்தில், ராஜாஜி சாலையில் இருக்கிறது. அங்கிருந்தோ நேரடியாகவோ நோட்டுகள் நாடு முழுக்க இருக்கும் கரன்சி செஸ்ட்டுகளுக்குப் போகும். வங்கிக்காரர்கள் சுருக்கமாக 'செஸ்ட்' என்பார்கள். இரண்டாயிரத்தைந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. கட்டடம் ஏதோ ஒரு வங்கியினுடையது, இரும்பறை அந்த வங்கியினுடையது, காவலாளிக்குச் சம்பளமும் அந்த வங்கிதான். ஆனால் உள்ளே இருக்கும் பணம் ரிசர்வ் வங்கியினுடையது. சாவி இரண்டு அதிகாரிகளிடம் பிரிந்து இருக்கும். ஒருவர் தனியாகத் திறக்க முடியாது.

ஒரு நாள் காலை வங்கிக்கு ஒரு கோடி ரூபாய் தேவைப்படுகிறது. இருவரும் சேர்ந்து திறந்து ஒரு கோடியை எடுக்கிறார்கள். எடுத்த விவரம் அன்றைக்கே ரிசர்வ் வங்கியின் 'இ-குபேர்' கணினி அமைப்பில் பதிவாக வேண்டும். ரிசர்வ் வங்கியில் அந்த வங்கிக்கு இருக்கும் கணக்கில் ஒரு கோடி குறையும். நமக்கு வங்கியில் கணக்கு இருப்பதுபோல வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியில் கணக்கு இருக்கிறது. வங்கிகளின் வங்கி என்று சொல்வது இதைத்தான். கணக்கில் அந்தப் பற்று விழும்போது, அதுவரை வெறும் இருப்பாகக் கிடந்த தாள் புழக்கத்தில் உள்ள பணமாக மாறுகிறது. மறுநாள் உபரியாக ஐம்பது லட்சத்தை உள்ளே வைத்தால் அது மறுபடி புழக்கத்திலிருந்து போய்விடும். வங்கியின் கணக்கில் வரவு ஏறும். செஸ்ட்டின் இரும்புக் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் நாட்டின் ரொக்கப் புழக்கம் கூடுகிறது அல்லது குறைகிறது.

வெளியே வந்த நோட்டு யாருடைய கடன்? கவர்னர் கையெழுத்துக்கு மேலே இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் வாசகத்தைப் படித்தால் விஷயம் விளங்கும். இதை வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தர உறுதியளிக்கிறேன் என்று அவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். நம் ஊரில் கைமாற்றுக்கு எழுதித் தரும் புரோநோட்டு என்ன சொல்கிறதோ அதையேதான் இதுவும் சொல்கிறது. நாம் கடன் கொடுத்தவர்கள், ரிசர்வ் வங்கி கடன்பட்டவர். மத்திய அரசு ஜாமீன். அதுவும் மேலே அச்சாகியிருக்கிறது. ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் இந்த வாசகம் இருக்காது. அதை வெளியிடுவது அரசு, கையெழுத்து நிதித்துறைச் செயலாளருடையது.

கடன் என்றால் ஈடு வேண்டுமே. சட்டம் கேட்பது மிகக் குறைவு: 1957 திருத்தத்தின்படி 200 கோடி ரூபாய்ச் சொத்து, அதில் தங்கம் 115 கோடிக்கு. 2024 மார்ச்சில் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு 34 லட்சம் கோடிக்கு மேல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டம் விதிக்கும் ஈடு ஒன்றுமே இல்லை. நிஜத்தில் ரிசர்வ் வங்கி வெளியீட்டுத் துறைக்கென்று தனிக் கணக்கு வைத்து, வெளியே இருக்கும் நோட்டு முழுவதற்கும் ஈடாகத் தங்கமும் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களும் வைத்திருக்கிறது. தங்கம் மட்டும் முந்நூறு டன்னுக்கு மேல்.

அந்தத் தங்கம் ஒரு முறை நாட்டை விட்டுக் கிளம்பியது. 1991-இல் சில வார இறக்குமதிக்குக்கூட அன்னியச் செலாவணி இல்லாத நிலை. அப்போது கவர்னராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ்.வெங்கிடரமணன். அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் பெட்டகத்திலிருந்து ஏறத்தாழ 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பி, இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடு வைத்துச் சுமார் 40 கோடி டாலர் திரட்டியது. நாட்டின் மானம் போய்விட்டது என்று அன்றைக்குப் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டுவதற்கென்றே வைத்திருந்த ஈடு அது. தேவைப்பட்ட நாளில் அதைத் தொட்டுக் கடனை அடைத்தார்கள். தொடவேண்டிய நிலைக்கு நாட்டைக் கொண்டுபோனதுதான் தவறு. 2009-இல் அதே ரிசர்வ் வங்கி பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை விலைக்கு வாங்கியது.

இந்தக் கடனில் ரிசர்வ் வங்கிக்கு ஒரு லாபமும் உண்டு. நம் பர்ஸில் இருக்கும் நூறுக்கு அது வட்டி தருவதில்லை. ஈடாக வைத்த பத்திரங்களோ வட்டி ஈட்டித் தருகின்றன. இதனோடு டாலர் விற்ற லாபம் முதலியவையும் சேர்ந்து, செலவும் ஒதுக்கீடும் போக மிச்சம் அரசுக்குப் போகிறது. 2024-25-ஆம் ஆண்டுக்கு அப்படிக் கொடுத்தது 2.69 லட்சம் கோடி ரூபாய். பட்ஜெட்டில் பெரிய வரி ஒன்றுக்கு ஈடான தொகை. பர்ஸில் சும்மா கிடக்கும் நூறுக்கும் அதில் ஒரு துளி பங்கு இருக்கிறது.

செஸ்ட்டை விட்டு வந்த கட்டு ஏ.டி.எம். பெட்டிக்குள் போகிறது, அல்லது கேஷ் கவுண்டரில் பிரிக்கப்படுகிறது. பிறகு கோயம்பேட்டு மூட்டை தூக்குபவர் கூலியாக, ஷேர் ஆட்டோ வசூலாக, மொய்க் கவரில் ஒரு ரூபாய் நாணயத்தோடு, உண்டியலில் நான்காய் மடிந்து என்று அதன் ஓட்டம் தொடங்கும். பெரிய நோட்டு வீட்டில் தங்கும், நூறு தங்காது. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது, மதிப்பில் 86 சதவீத ரொக்கம் ஒரே இரவில் முடங்கியது. மறுநாளிலிருந்து நாட்டைத் தூக்கி நடந்தது பழைய நூறு ரூபாய்தான். வரிசையில் நின்றவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகும் ஏ.டி.எம்.களில் ஐந்நூறே வருவது தொடர்ந்ததால், 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது: 75 சதவீத ஏ.டி.எம்.களில் குறைந்தது ஒரு பெட்டியாவது நூறோ இருநூறோ தர வேண்டும். கெடு அந்தச் செப்டம்பர் மாதக் கடைசி. 2026 மார்ச்சுக்குள் அது 90 சதவீதம் ஆக வேண்டும். ஐந்நூறை நீட்டிச் சில்லறை கேட்டு இளநீர்க்காரரிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இந்த உத்தரவின் அருமை புரியும்.

தாள் கைமாறிக்கொண்டே இருக்கும்போது அதன் மேல் எழுதியிருக்கும் எண் மாறுவதில்லை. அது வாங்கித் தருவதுதான் மாறுகிறது. விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் சுமார் 18 ஆண்டில் நூறின் வாங்கும் சக்தி பாதியாகும்; 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டிலேயே. 2016-இல் சட்டத்தைத் திருத்தி, 4 சதவீதம் இலக்கு, இரண்டு பக்கமும் 2 சதவீதம் வரை விலகலாம் என்று எழுதினார்கள். அதைக் காப்பது ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழுவின் வேலை. அவர்கள் அச்சு இயந்திரத்தைத் தொடுவதில்லை. அவர்களுடைய கருவி ரெப்போ வட்டி. வங்கிகள் அரசுப் பத்திரத்தை ஈடு வைத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் வாங்கும் வட்டி அது. அது ஏறினால் வீட்டுக்கடன் தவணை ஏறும், புதிதாகக் கடன் வாங்குபவர் யோசிப்பார், கடைத்தெருவில் வேகம் தணியும்.

கொரோனா காலத்தில் ரெப்போ வட்டியை 4 சதவீதமாக இறக்கி வைத்திருந்தார்கள். 2022 ஏப்ரலில் சில்லறை விலைப் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டது. மே 4 அன்று, வழக்கமான கூட்டத் தேதிக்குக் காத்திராமல் வட்டியை ஏற்றினார்கள். 2023 பிப்ரவரியில் அது 6.50-இல் போய் நின்றது. இதற்கிடையே 2022-இல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் 6-ஐத் தாண்டியிருந்தது. சட்டப்படி ஏன் தவறினோம் என்று ரிசர்வ் வங்கி அரசுக்குக் கடிதம் எழுத வேண்டும். அந்த நவம்பரில் எழுதியது. ஆனால் அதை அப்போது மக்களுக்குக் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டும். கடன் சீட்டை வைத்திருப்பவர்கள் நாம். அதன் மதிப்பு ஏன் கரைந்தது என்ற விளக்கம் முதலில் நமக்குத்தான் வரவேண்டும். வட்டி ஏறினால் தவணை கட்டுபவருக்குக் கஷ்டம் என்பது உண்மை. ஆனால் விலைவாசி ஏறும்போது நிலமும் நகையும் வைத்திருப்பவர் தாக்குப்பிடித்துவிடுவார். தினக்கூலியை நூறு நூறாக வாங்கிச் சுருக்குப் பையில் வைப்பவருக்கு வேறு அரண் கிடையாது. அவர் கையில் இருக்கும் நூறை நூறாக வைத்திருப்பதுதான் இந்த வங்கி அவருக்குச் செய்யும் முதல் கடமை.

கையில் உள்ள நோட்டும் வங்கிக் கணக்கில் உள்ள பணமும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். கரூர்க்காரர்களுக்கு அப்படி இல்லை என்று தெரியும். 1926-இல் அந்த ஊரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி வாராக்கடனில் மூழ்கியபோது, 2020 நவம்பர் 17 அன்று அதன் மேல் தடை விழுந்தது. கணக்கில் எத்தனை லட்சம் இருந்தாலும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அன்றைக்குச் சட்டைப் பையில் நூறு ரூபாய் வைத்திருந்தவர் அதைத் தாராளமாகச் செலவழித்தார். ஏனென்றால் நோட்டு ரிசர்வ் வங்கியின் கடன். கணக்கில் இருப்பது அந்தந்த வங்கியின் கடன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதபடி பார்த்துக்கொள்வதுதான் மேற்பார்வையாளர் என்ற முறையில் ரிசர்வ் வங்கியின் வேலை. பத்து நாளில், நவம்பர் 27 அன்று, அந்த வங்கியை டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்கள் பணம் தப்பியது. பங்கு வாங்கியிருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர்களில் பலர் தலைமுறையாக அந்த வங்கியை நம்பியிருந்த அதே வட்டாரத்துக் குடும்பங்கள். நோய் முற்றும் முன்பே இன்னும் விரைந்து தலையிட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. கேரளத்தின் பாலா சென்ட்ரல் வங்கி 1960-இல் விழுந்ததைத் தொடர்ந்து வந்ததுதான் டெபாசிட் காப்பீடு. 1,500 ரூபாயில் தொடங்கிய அந்தக் காப்பு 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம்.

நம் நூறு இதற்குள் கிழடாகியிருக்கும். முன்பெல்லாம் அது இன்னும் சீக்கிரம் கிழடானது. கட்டுகளைத் தடித்த ஸ்டேப்ளர் பின்னால் குத்திவிடுவார்கள். பிரிக்கும்போது இடது ஓரத்தில் ஓட்டை. மூன்று முறை வங்கிக்குப் போய்வந்த நோட்டில் ஓட்டைகள் சேர்ந்து கிழிசலாகும். போதாததற்கு நீர்க்குறி இருக்கும் வெற்றிடத்தில் கட்டின் எண்ணிக்கையைப் பேனாவால் எழுதி வைப்பார்கள். 1999-இல் சுத்தமான நோட்டுக் கொள்கையை அறிவித்து, 2001-இல் பின் குத்தக் கூடாது, காகிதப் பட்டையால்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். ஒரு மத்திய வங்கி ஸ்டேப்ளர் பின்னைப் பற்றி உத்தரவு போடுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் அச்சுச் செலவில் அந்தப் பின்னுக்கும் ஒரு பங்கு இருந்தது.

கிழிந்த நோட்டைப் பஸ்ஸில் கண்டக்டர் வாங்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். எந்த வங்கிக் கிளையும் மாற்றித்தர வேண்டும்; கணக்கு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஐம்பது ரூபாயிலிருந்து மேலே உள்ள நோட்டுகளுக்கு விதி இது: மிஞ்சியிருக்கும் ஒரே பெரிய துண்டு முழு நோட்டின் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, 40-இலிருந்து 80 வரை என்றால் பாதி, அதற்கும் கீழே என்றால் ஒன்றும் இல்லை. பேனாவால் கிறுக்கிய நோட்டும் செல்லும். அரசியல் முழக்கம் எழுதியதை மட்டும் மறுக்கலாம். கள்ள நோட்டாக இருந்தால் கதை வேறு: முத்திரை குத்திப் பறிமுதல் செய்துவிடுவார்கள், ஈட்டுத்தொகை கிடையாது. தெரியாமல் வாங்கி ஏமாந்தவருக்கு இது கொடுமையாகப் படும். ஆனால் ஈடு கொடுக்கத் தொடங்கினால் அச்சடிப்பவனுக்கு வங்கியே கடை திறந்து கொடுத்தது போலாகிவிடும்.

நூறு ரூபாயிலிருந்து மேலே உள்ள நோட்டுகளை இயந்திரத்தில் சோதித்த பிறகே வங்கி மறுபடி வெளியே விட வேண்டும். தேறாதவை செஸ்ட்டில் ஒதுங்கி, சேர்ந்து, ரிசர்வ் வங்கிக்குக் கிளம்பும். அந்தத் திரும்பும் பயணத்தில் ஒன்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதையானது. 2016 ஆகஸ்டில் சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்கு வந்த ரயிலில் வங்கிகளின் பழைய நோட்டு 342 கோடி ரூபாய் பெட்டி பெட்டியாக வந்தது. எழும்பூரில் திறந்து பார்த்தபோது ரயில் பெட்டியின் கூரையில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை. 5 கோடியே 78 லட்சம் காணோம். சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே, மேலே மின்கம்பி இல்லாமல் டீசல் எஞ்சின் ஓடிய பகுதியில், கூரையில் ஏறி அறுத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்துத்தான் மத்தியப் பிரதேசக் கும்பல் பிடிபட்டது. அவர்கள் கொள்ளையடித்த மூன்றாம் மாதமே ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போயிருந்தன.

ஒழுங்காக வந்து சேர்ந்த நோட்டுக்கு ராஜாஜி சாலையில் கடைசிச் சோதனை. மணிக்கு 50,000-இலிருந்து 60,000 நோட்டு வரை ஓடும் இயந்திரம் ஒவ்வொன்றையும் எண்ணி, நிஜமா என்று பார்த்து, இன்னும் உழைக்குமா என்றும் பார்க்கும். உழைக்கும் என்றால் பட்டை கட்டி வெளியே. இல்லையென்றால் அந்த ஓட்டத்திலேயே உள்ளே இருக்கும் கத்திகள் அதைத் தூளாக்கிவிடும். மனிதக் கை படாது. ஒரு காலத்தில் எரித்தார்கள். இப்போது தூளை அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 டன் சேர்கிறது.

இந்தக் கட்டிகள் பெரும்பாலும் தொழிற்சாலைக் கொதிகலன்களில் எரிந்தோ பள்ளத்தை நிரப்பியோ முடிந்துபோகின்றன. பருத்தியும் பாதுகாப்பு மையும் கலந்த இதை எரிப்பது நல்லதல்ல என்று ரிசர்வ் வங்கியே இப்போது உணர்ந்து, மரத்தூளுக்குப் பதிலாகத் துகள் பலகை செய்ய இது உதவுமா என்று ஆராயச் சொல்லி, பலகை செய்பவர்களுக்கே கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. 2017-இல் செல்லாத ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகளின் தூளை வாங்கிப் புழல் சிறைக் கைதிகள் கூழாக்கி, அச்சில் அழுத்தி, காயவைத்து, கோப்பு அட்டைகள் செய்தார்கள். வேலைக்குக் கைதிகளுக்குக் கூலி உண்டு. அட்டைகள் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்குப் போயின.